மூணு மாசத்துல எலக்ட்ரிக் காரை வித்துடலாமான்னு கேட்ட யீஷூன் தங்கச்சிக்கு

கேள்வி: அண்ணே வணக்கம். பத்து வருஷம் ஓட்டின பெட்ரோல் காருக்கு சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சிருக்க எடுக்கிற பத்து வருஷ உரிமம்) முடிஞ்சதும் பையன் சொன்னான்னு எலக்ட்ரிக் கார் எடுத்தோம். 60 கிலோவாட் அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி. மூணு மாசமா வீட்ல நிம்மதி இல்ல. எங்க புளோக் கார் பார்க்ல சார்ஜர் இருக்கு, ஆனா எப்ப போனாலும் யாராவது போட்டிருக்காங்க. வீட்டுக்காரர் ராத்திரி பதினொரு மணிக்கு லிஃப்ட்ல இறங்கிப் போய் லாட் காலியான்னு பாத்துட்டு வர்றார். ஒருத்தர் 80 பெர்சன்ட்டுக்கு மேல ஏத்தாதீங்கன்றார், இன்னொருத்தர் 100 போடுங்கன்றார். மாமியாருக்கு பின் சீட்ல உக்காந்தாலே வாந்தி. நான் யீஷூன்ல இருந்து தெம்பனிஸ் பாலர்பள்ளிக்கு தினமும் ஓட்டிட்டுப் போறேன். தீபாவளிக்கு ஈப்போ போகணும், பாதி வழியில நின்னுட்டா என்ன பண்றது? வித்துட்டு பெட்ரோலுக்கே போயிடலாமா?

பதில்: தங்கச்சி, வணக்கம். விக்காதீங்க. மொதல்ல அதைச் சொல்லிடுறேன், காரணத்தை ஒவ்வொண்ணா பாப்போம். புதுக் காரை மூணு மாசத்துல வித்தா வர்ற நஷ்டம் சின்ன நஷ்டம் இல்ல, நீங்க எழுதினதுல ஒரு பிரச்சினை கூட அந்த நஷ்டத்துக்குத் தகுதியானது இல்ல. நான் 26 வருஷமா கார் வேலை பாக்குறேன், காக்கி புக்கிட்ல பட்டறை, அஞ்சாறு வருஷமா ஈவி வண்டிங்களும் என் கைக்கு வருது. உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்குத் தோணினது ஒண்ணுதான், வண்டி நல்லா இருக்கு, ஆனா நீங்க ரெண்டு பேரும் அதை இன்னும் பெட்ரோல் டாங்க் மாதிரியே நெனச்சு ஓட்டுறீங்க. முள்ளு கீழ இறங்கினா பங்குக்குப் போறது, அஞ்சு நிமிஷத்துல ரொப்பிட்டு வர்றது, அந்தப் பழக்கம் பத்து வருஷமா உடம்புல ஊறிக் கெடக்கு. அதனாலதான் 40 பெர்சன்ட் பாத்தவுடனே வீட்டுக்காரருக்கு கால் தரையில நிக்க மாட்டேங்குது.

கணக்குப் போட்டுப் பாருங்க. யீஷூன்ல இருந்து தெம்பனிஸ் போக வர ஒரு நாளைக்கு சுமாரா 45 கிலோமீட்டர், அஞ்சு நாளைக்கு 225, சனி ஞாயிறு தேக்கா, கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு ஒரு 75, ஆக வாரத்துக்கு 300 கிலோமீட்டர். உங்க மாதிரி வண்டி நம்ம ஊர் வெயில்ல ஏர்கான் போட்டு ஓட்டினா 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் (கிலோவாட் அவர்) கிட்ட குடிக்கும், வாரத்துக்கு 48 யூனிட். பேட்டரி 60. அதாவது ஒரு தடவை முழுசா ஏத்தினா உங்களுக்கு ஒரு வாரம் ஓடிடும், அது கொஞ்சம் இறுக்கிப் பிடிச்ச கணக்கு, அதனால வாரத்துக்கு ரெண்டு ராத்திரின்னு வச்சுக்கங்க. செவ்வாய் ஒண்ணு, சனி ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கப்புறம் டாஷ்போர்டுல பெர்சன்ட் பாக்குறதை விட்டுடுங்க, ராத்திரியை எண்ணுங்க. புதன்கிழமை 55 காட்டினாலும் வியாழன் 40 காட்டினாலும் உங்களுக்கு அது சேதியே இல்ல, சனிக்கிழமை சார்ஜ் இருக்குன்னு தெரிஞ்சா போதும். வீட்டுக்காரரை தினமும் பதினொரு மணிக்கு கீழ அனுப்ப வேண்டாம், பாவம், வாரத்துல அஞ்சு ராத்திரி நிம்மதியா தூங்கட்டும்.

சரி, அந்த ரெண்டு ராத்திரியும் லாட் காலியா இல்லன்னா? இது நெசமான கஷ்டம், நான் மறுக்கல. 2030க்குள்ள தீவு முழுக்க 60,000 சார்ஜிங் பாயிண்ட் வைக்கணும்னு அரசாங்கம் இலக்கு வச்சிருக்கு, வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார் பார்க்ல பாயிண்ட் கூடிக்கிட்டே வருது, ஆனா உங்க புளோக்ல இருக்கிறதுல இன்னைக்கு ராத்திரி இடம் கெடைக்கணுமே, அதுதானே உங்க கேள்வி. மொதல்ல நேரத்தை மாத்துங்க. எல்லாரும் வேலை விட்டு வந்து ஏழு மணியில இருந்து ஒம்பது மணிக்குள்ள போடுறாங்க, பதினொரு மணிக்கு அவங்க வண்டி இன்னும் ஏறிக்கிட்டு இருக்கும், அதனாலதான் வீட்டுக்காரர் போறப்பல்லாம் ஆள் இருக்கு. காலைல அஞ்சரை ஆறு மணிக்கு, இல்ல சனிக்கிழமை மத்தியானம் போய் பாருங்க, வேற மாதிரி இருக்கும். கீழ இறங்கிப் பாக்கவும் வேண்டாம், சார்ஜர் ஆப்லயே எந்தப் பாயிண்ட் காலின்னு காட்டும். ஒரே ஒரு கம்பெனி ஆப்போட நிக்காதீங்க, பக்கத்து புளோக்குல வேற கம்பெனி இருக்கலாம், ரெண்டு மூணு ஆப் போன்ல இருக்கட்டும். உங்க சீசன் பார்க்கிங் எந்தெந்த கார் பார்க்குக்கு செல்லும்னு ஒரு தடவை பாத்து வச்சுக்கங்க, இல்லன்னா சார்ஜுக்கும் காசு பார்க்கிங்குக்கும் காசுன்னு போயிடும். இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை காலைல 7 மணியில இருந்து ராத்திரி 10.30 வரைக்கும் நெறைய வீவக கார் பார்க்ல பார்க்கிங் ஃப்ரீ. ஞாயிறு சாப்பாட்டுக்கு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போவீங்கல்ல, அங்க கீழ சார்ஜர் இருக்கான்னு பாருங்க, நீங்க மேல மீன்குழம்பு சாப்பிட்டு பேசிட்டு வர்றதுக்குள்ள பாதி வாரத்துக்கு ஏறிடும்.

சார்ஜர் கம்பத்துல 22 கிலோவாட்னு எழுதியிருக்கு, ஆனா 7 தான் ஏறுது, சார்ஜர் ரிப்பேர்னு சண்டை போடுறவங்க நெறைய பேர். ரிப்பேர் இல்ல. ஏசி சார்ஜர்ல, அதாவது கார் பார்க்ல இருக்கிற மெதுவான சார்ஜர்ல, கரண்ட்டை பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துற பொட்டி காருக்குள்ளதான் இருக்கு, அந்தப் பொட்டி 7 தான் வாங்கும்னா கம்பம் 22 குடுத்தாலும் 7 தான். சில கார் பார்க்ல நெறைய வண்டி ஒரே நேரத்துல போட்டா கரண்ட்டை பங்கு போட்டும் குடுக்கும், அப்ப இன்னும் மெதுவா ஏறும். ஒரு வேண்டுகோள் கூட, ஏறி முடிஞ்சதும் எடுத்துடுங்க. சில கம்பெனி முடிஞ்ச பிறகும் நிக்கிற வண்டிக்கு காசு புடிக்குது, அதை விடுங்க, உங்களை மாதிரியே இன்னொரு வீட்ல ஒருத்தர் லிஃப்ட்ல இறங்கி வந்து பாத்துட்டுப் போவார்ல. கூடவே, வீட்ல இருந்து ஒயர் இழுத்து காருக்குப் போடுற யோசனை யாராவது குடுத்தா தயவுசெஞ்சு காதுல வாங்காதீங்க. சாதாரண எக்ஸ்டென்ஷன் ஒயர் மணிக்கணக்கா அந்த கரண்ட்டைத் தாங்காது, சூடாகி உருகும், உருகின ப்ளக்கை நான் கையில வாங்கிப் பாத்திருக்கேன்.

80ஆ 100ஆன்னு கேட்டீங்க. ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றாங்க, ஆனா வேற வேற பேட்டரியைப் பத்தி. நிக்கல் சேத்த என்எம்சி பேட்டரி இருக்கிற வண்டிக்கு தினசரி 80 போதும், தூரம் போறப்ப மட்டும் 100. உங்களுது எல்எஃப்பி, அதுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது 100 போடணும், உங்க வண்டி புத்தகத்துலயே எழுதியிருப்பாங்க. ஏன்னா, கேஸ் சிலிண்டர் தெரியும்ல, பாதி இருந்தாலும் கால்வாசி இருந்தாலும் அடுப்புல நெருப்பு ஒரே மாதிரி எரியும், தீரப் போறப்பதான் சட்டுனு இறங்கும். எல்எஃப்பியும் அப்படித்தான், நடுவுல வோல்டேஜ் ஏறாம இறங்காம ஒரே மட்டமா நிக்கும், அதனால கம்ப்யூட்டருக்கு எவ்வளவு மீதின்னு சரியா கணிக்க முடியாது, கணக்கு கொஞ்சம் கொஞ்சமா தப்பிக்கிட்டே போகும். 100 தொடும்போதுதான் வோல்டேஜ் ஏறி, ஓஹோ இதுதான் முழுசுன்னு அது தன் கணக்கைத் திருத்திக்கும். பல மாசமா 100 போடாம ஓட்டிட்டு திடீர்னு 15ல இருந்து 5க்கு விழுந்துச்சுன்னு பயந்து வர்றவங்க உண்டு, பேட்டரி நல்லாத்தான் இருக்கும், கணக்கு தப்பா இருக்கும். உங்க சனிக்கிழமை சார்ஜை 100க்கு வச்சுக்கங்க, செவ்வாய்க்கிழமை எவ்வளவு ஏறினாலும் சரி. 100 ஏத்தின வண்டியை அடுக்குமாடி கார் பார்க் மொட்டை மாடில வெயில்ல நாள் கணக்கா போட்டுட்டு ஊருக்கு மட்டும் போயிடாதீங்க, சூடும் முழு சார்ஜும் சேந்தா எந்த பேட்டரிக்கும் ஆகாது. ஊருக்குப் போறதுன்னா பாதி சார்ஜ்ல நெழல்ல விட்டுட்டுப் போங்க.

இப்ப உங்க மாமியார். இதைப் படிச்சப்பதான் எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா வயசானவங்க காருக்குள்ள ஏறவே பயந்துட்டா அவங்களுக்கு வெளிய போற சந்தோஷமே போயிடும். இதுக்கு பேட்டரி காரணம் இல்ல, கதிர்வீச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரீஜென்தான் காரணம், அதோட ஓட்டுறவங்க கால். பெட்ரோல் கார்ல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி உருண்டுக்கிட்டே போகும். எலக்ட்ரிக் கார்ல காலை எடுத்த உடனே மோட்டார் ஜெனரேட்டரா மாறி வேகத்தை கரண்ட்டா இழுத்துக்கும், அது பிரேக் புடிக்கிற மாதிரி. நமக்குப் பழைய பழக்கத்துல கால் வச்சு எடுத்து வச்சு எடுத்து ஓட்டத்தான் தெரியும், அதனால பின்னாடி உக்காந்திருக்கவங்க தலை முன்னாடி போய் பின்னாடி வரும், சிலேத்தார் விரைவுச்சாலையில ஜாம் இருந்துச்சுன்னா அரை மணி நேரம் இதேதான். அதுக்கு மேல இஞ்சின் சத்தமும் இல்ல. பெட்ரோல் கார்ல இஞ்சின் உறுமினா வண்டி கெளம்பப் போகுதுன்னு உடம்பு தானா தயாராகிடும், இதுல சத்தமே இல்லாம சட்டுனு பாயுது, உடம்புக்கு முன்கூட்டி தகவலே வர்றதில்ல.

மூணு வேலை பண்ணுங்க. செட்டிங்ஸ்ல ரீஜெனை கொறைஞ்சதுல வைங்க, டிரைவ் மோடை ஈகோவுல போடுங்க, கொஞ்சம் கரண்ட் வீணானா ஆகட்டும். மாமியாரை முன் சீட்ல உக்கார வைங்க, ரோடு கண்ணுல பட்டா தலைசுத்தல் கொறையும், ஏர்கான் காத்து முகத்துல படட்டும். மூணாவதுதான் முக்கியம், காலை எடுக்காதீங்க, தளத்துங்க. பெடல்ல இருந்து பாதத்தை மெதுமெதுவா மேல கொண்டு வரணும், சிக்னல் தூரத்துல சிவப்பா தெரியும்போதே ஆரம்பிச்சிடணும். இதைப் பழகுறதுக்கு நான் வாடிக்கையாளருங்களுக்கு ஒரு வழி சொல்லுவேன். காப்பிக் கடையில ஒரு தே (டீ) பிளாஸ்டிக் பாக்கெட்ல கட்டி வாங்குங்க, அந்தக் கயித்தை முன் சீட்டுக்குப் பின்னால இருக்கிற கொக்கியில மாட்டுங்க, கார் பார்க் சுத்துப் பாதையில மேல ஏறி கீழ இறங்கி அப்புறம் புளோக்கைச் சுத்தி ரெண்டு ரவுண்டு வாங்க. பையனை பின்னாடி உக்காத்தி பாக்கெட் எவ்வளவு ஆடுதுன்னு பாக்கச் சொல்லுங்க. மொத நாள் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒரு வாரத்துல லேசா நடுங்குறதோட நின்னுடும், அன்னைக்கு மாமியாரை ஏத்துங்க. உங்க வீட்டுக்காரரும் இதைப் பண்ணணும், நீங்க மட்டும் பழகினா போதாது, ஏன்னா ஞாயித்துக்கிழமை ஓட்டுறது அவராத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்.

நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன், இது தெரியாம நெறைய பேர் மாட்டிக்கிறாங்க. உங்க கார்ல அந்தப் பெரிய பேட்டரியைத் தவிர பழைய கார் மாதிரியே ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. கதவு லாக், கம்ப்யூட்டர், லைட் எல்லாம் அதுலதான் ஓடுது, பெரிய பேட்டரியை உசுப்பி விடுறதும் அதுதான். அது செத்தா பெரிய பேட்டரியில 70 பெர்சன்ட் இருந்தாலும் வண்டி கல்லு மாதிரி நிக்கும். போன வருஷம் ஒரு வாடிக்கையாளர் அஞ்சு வாரம் திருச்சி போயிட்டு வந்து கூப்பிட்டார், கார் கதவே தெறக்கல அண்ணே, ஆப்பும் சேரல, பேட்டரி போச்சு, ஆயிரக்கணக்குல செலவுன்னு அழாத குறை. போய் பாத்தா, வெளியில போட்ட டேஷ்கேம் பார்க்கிங் மோடுல அஞ்சு வாரமா ராப்பகலா ஓடி 12 வோல்ட்டை உறிஞ்சிடுச்சு. ரிமோட்டுக்குப் பின்னால சின்ன பட்டனை அமுக்கி இழுத்தா உள்ள ஒரு இரும்புச் சாவி வரும், டிரைவர் கதவு கைப்பிடி ஓரத்துல ஒரு மூடி, அதை நெம்பினா சாவி ஓட்டை. தெறந்து பானெட்டைத் தூக்கி பூஸ்டர் வச்சோம், ரெண்டு நிமிஷத்துல எல்லா லைட்டும் வந்துடுச்சு. அவருக்கு அந்தச் சாவி இருக்கிறதே தெரியாது. இன்னைக்கு சாயங்காலம் உங்க ரிமோட்டை எடுத்து அந்தச் சாவி எங்க இருக்கு, கதவுல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்து வச்சுக்கங்க. மாடலுக்கு மாடல் இடம் மாறும். டேஷ்கேம் போட்டிருந்தா ஊருக்குப் போறப்ப கழட்டிடுங்க.

டயரு சீக்கிரம் தேயும், பேட்டரி வெயிட்டும் மோட்டார் இழுவையும் அப்படி, அதனால 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன்ன பின்ன மாத்திப் போடச் சொல்லுங்க. பிரேக் தலைகீழ், தேயாம துருப்பிடிக்கும், ரீஜென்தான் பாதி வேலையைப் பாத்துடுதே. நம்ம ஊர் மழைக்கு டிஸ்க் சீக்கிரம் செவந்திடும், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை பின்னாடி வண்டி இல்லாதப்ப நல்லா அழுத்திப் புடிங்க. அவ்வளவுதான்.

காசு விஷயத்துல உங்களுக்கு நெசத்தைச் சொல்லணும், ஏன்னா விக்கிற இடத்துல பாதிதான் சொல்லுவாங்க. பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 80 காசுன்னும், பழைய கார் 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர்னும் வச்சா உங்க வாரம் 300 கிலோமீட்டருக்கு 59 வெள்ளி. கார் பார்க் சார்ஜர் யூனிட் 60 காசுன்னு வச்சு, ஏத்தும்போது வீணாகுறதையும் சேத்தா 32 வெள்ளி. வாரத்துக்கு 27 வெள்ளி மிச்சம், வருஷத்துக்கு 1,400. ஆனா எலக்ட்ரிக் காருக்கு பெட்ரோல் வரிக்குப் பதிலா சாலை வரியோட வருஷத்துக்கு 700 வெள்ளி தனியா கட்டுறீங்க. அதைக் கழிச்சா நின்னது 700. கொட்டிக் குடுக்காது, கையையும் கடிக்காது. மாலுக்குள்ள இருக்கிற ஃபாஸ்ட் சார்ஜர்லயே எப்பவும் போட்டா அந்த 700ம் கரைஞ்சிடும், அங்க யூனிட் விலை கூட. அதனாலதான் அந்த ரெண்டு ராத்திரியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கடைசியா ஈப்போ. உட்லண்ட்ஸ்ல இருந்து சுமார் 550 கிலோமீட்டர். ஹைவேல 110ல போனா செலவு கூடும், 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் வரைக்கும் போகலாம், அதாவது முழு சார்ஜுக்கு 330 கிலோமீட்டர், ஆனா அதுவரைக்கும் ஓட்டக் கூடாது. முந்தின ராத்திரி 100 போட்டுக் கெளம்புங்க. கடற்பாலத்துல ரெண்டு மணி நேரம் நின்னாலும் பயப்படாதீங்க, ஏர்கான் போட்டு ஊர்ந்து போனா 5 பெர்சன்ட் கிட்டதான் போகும். சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டுறப்ப முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கான்னு பாக்குற விதியும் உங்க வண்டிக்குக் கெடையாது. மொத நிறுத்தம் ஆயர் கெரோ பக்கம், ரெண்டாவது கேஎல் சுத்துவட்டாரம், ரெண்டு இடத்துலயும் 40 நிமிஷம், மாமியாரும் பிள்ளைங்களும் எப்படியும் டாய்லெட், சாப்பாடுன்னு அவ்வளவு நேரம் எடுத்துக்குவாங்க. சார்ஜர் கன் நம்ம ஊர் மாதிரியே சிசிஎஸ்2 தான், வேற அடாப்டர் எதுவும் வேண்டாம். 80 வந்ததும் கெளம்பிடுங்க, அதுக்கு மேல ரொம்ப மெதுவா ஏறும், தீபாவளி நேரத்துல பின்னாடி வரிசை நிக்கும். 20 பெர்சன்ட்டுக்குக் கீழ போகாம அடுத்த சார்ஜருக்குப் போய்ச் சேர்ற மாதிரி திட்டம் போடுங்க, அந்த 20 எதுக்குன்னா, போன இடத்துல சார்ஜர் வேலை செய்யலன்னா அடுத்ததுக்குப் போறதுக்கு. மலேசிய ஆப்புங்களை இங்க வீட்ல உக்காந்து இறக்கி, கார்டு சேத்து, ஒரு தடவை உள்ள போய் பாத்துட்டுக் கெளம்புங்க. ஆர்என்ஆர்ல (ஹைவே ஓய்விடம்) வெயில்ல நின்னுக்கிட்டு ஓடிபி வராம தவிக்கிற கொடுமை வேண்டாம்.

தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை மலாக்கா வரைக்கும் போயிட்டு வந்துடுங்க. அங்க ஒரு தடவை சார்ஜ் போட்டுப் பாத்துட்டா வீட்டுக்காரருக்கு ஈப்போ பயம் பாதி போயிடும். அதுக்கு முன்னாடி விஇபி (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள போக எடுக்கிற அனுமதி) பாருங்க, பழைய காருக்கு எடுத்த டேக் இந்தக் காருக்குச் செல்லாது, புதுசா பதிவு பண்ணணும், 2025 ஜூலை 1ல இருந்து இல்லாம போனா 300 ரிங்கிட் அபராதம். டேக் கைக்கு வர நாள் ஆகலாம், அதனால இந்த வாரமே போட்டுடுங்க. மலாக்கா போயிட்டு வந்ததும் மாமியாருக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க தங்கச்சி.